வக்காலத்தும் விலாசமும்

திருவனந்தபுரத்து ஜனங்களின் வாய்ப்பேச்சில் வஞ்சியூர் என்பது ஒரு பேட்டையின் பெயராக மட்டும் நிற்பதில்லை. ‘வஞ்சியூருக்கு அலைகிறான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவனுக்கு ஏதோ வியாஜ்யம் இருக்கிறது என்றே கேட்பவர் பொருள் கொள்வர். மாவட்ட நீதிமன்ற வளாகமும், அதைச் சூழ்ந்த சந்துகளும், மாடிப்படியின் பக்கச் சுவரில் ஐந்தாறு வழக்கறிஞர்களின் பெயர்ப்பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் பழைய வீடுகளும், முத்திரைத்தாள் விற்பவர், தட்டச்சர், நகல் எடுப்பவர் ஆகியோரின் சிறு கடைகளுமாக அந்த இடம் ஒரு தனி உலகம். அங்கே எந்த அறைக்குள் நுழைந்தாலும் மேஜைமீது கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதம் ஒன்று உண்டு, அதுவே வக்காலத்து. மேலே நீதிமன்றத்தின் பெயரும் வழக்கின் எண்ணும் எழுத இடம். நடுவே அச்சிட்ட வாசகம். அதன் முடிவில் கட்சிக்காரரின் கையெழுத்து. ஓரத்தில் கோர்ட்டுக் கட்டண வில்லையும், 1980-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டத்தின்படி ஒட்டவேண்டிய வழக்கறிஞர் சேமநிதி வில்லையும். எல்லாவற்றிற்கும் கீழே, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வழக்கறிஞரின் ஒப்பமும் அவருடைய விலாசமும். கட்சிக்காரர் தம் கையெழுத்து சரியாக விழுந்ததா என்று பார்க்கிறார். வழக்கறிஞர் வழக்கெண்ணைச் சரிபார்க்கிறார். விலாசத்தை மட்டும் குமாஸ்தா ஒரு ரப்பர் முத்திரையால் குத்திவிட்டுக் காகிதத்தை அடுத்த கட்டுக்கு நகர்த்துகிறார். ஒருவரும் படித்துப் பாராத அந்த ஒரு வரிக்குச் சட்டம் தரும் பொருள் என்ன, அதற்குள் அடங்கிக் கிடக்கும் கடமை எத்தகையது என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் கட்டளை, ஐந்தாம் விதியில் இதற்கு விடை இருக்கிறது. முறைப்படி நியமிக்கப்பட்ட வழக்கறிஞரிடம் சேர்ப்பித்த நீதிமன்ற ஆணையோ அறிவிப்போ, அல்லது அவருடைய அலுவலகத்திலோ அவர் வழக்கமாக வசிக்கும் இல்லத்திலோ விட்டுச் செல்லப்பட்டதோ, அவருடைய கட்சிக்காரருக்கு உரியபடி அறிவிக்கப்பட்டுத் தெரிந்துவிட்டதாகவே அனுமானிக்கப்படும். நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, அது கட்சிக்காரரின் கையிலேயே கொடுக்கப்பட்டதற்கு எல்லா வகையிலும் சமமாகும். இந்த வாசகத்தை மெதுவாகப் படிக்கவேண்டும். வழக்கறிஞர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவேண்டும் என்று விதி கேட்கவில்லை. அவர் கையில் கொடுத்திருக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அலுவலகத்தில் விட்டுச் சென்றால் போதும். பாறசாலைக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, வஞ்சியூரில் ஒரு மேஜைமீது ஓர் உறை வைக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே, அதனுள் எழுதியிருப்பது எல்லாம் தெரிந்துவிட்டதாகச் சட்டம் கருதுகிறது.

இது கற்பிதம்தான், ஆனால் காரணமில்லாத கற்பிதமன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும், ஒவ்வோர் இடைக்கால மனுவுக்கும் கட்சிக்காரரையே தேடிப்பிடித்து அறிவிக்கவேண்டும் என்றால், தலைமறைவாவதில் சமர்த்தனான பிரதிவாதி ஒருவன் வழக்கை ஆயுள்முழுதும் நிறுத்திவைத்துவிடுவான். ஆகவே சட்டம் ஓர் ஏற்பாடு செய்தது: கட்சிக்காரர் தம் வாயை வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும்போதே தம் செவியையும் ஒப்படைத்துவிடுகிறார். வாயை ஒப்படைத்ததை எல்லோரும் அறிவர். வாதத்திறமைக்காகவே வழக்கறிஞரைத் தேடுகிறார்கள், அதற்காகவே அவர் புகழ் பெறுகிறார். செவியை ஒப்படைத்ததைக் கட்சிக்காரர் அறியார். வருத்தம் என்னவென்றால், பல வழக்கறிஞர்களும் அதை நினைவில் வைத்திருப்பதில்லை. பேசுவது மட்டுமே தொழில் என்றும், கேட்பது தானாக நடக்கும் என்றும் எண்ணுவது இத்தொழிலின் ஆதாரத்தையே பாதி அறிந்த அறிவாகும் என்பது என் துணிபு.

அதே கட்டளையின் நான்காம் விதி இந்தப் பொறுப்பின் கால அளவைச் சொல்கிறது. வக்காலத்து ஒருமுறை தாக்கல் செய்யப்பட்டால், நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்துமூலம் முடிவுசெய்யப்படும் வரையிலோ, கட்சிக்காரரோ வழக்கறிஞரோ இறக்கும் வரையிலோ, அவ்வழக்கில் எல்லா நடவடிக்கைகளும் முடியும் வரையிலோ அது உயிரோடிருக்கும். கட்சிக்காரர் மூன்று வருஷமாகப் படியேறவில்லை, பாக்கிப் பணம் தரவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார் என்பனவெல்லாம் வக்காலத்தை முடிப்பதில்லை. வழக்கறிஞர் மணக்காட்டிலிருந்து பட்டத்துக்கு அலுவலகத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் முடிப்பதில்லை. பரண்மேல் தூசியடைந்த கட்டுக்குள் கிடக்கும் பழைய வழக்கிலும் அவருடைய பழைய விலாசமே நீதிமன்றத்தின் ஏட்டில் நிற்கிறது. நோட்டீஸ் அங்கேதான் போகும்.

இதே விதியின் உட்பிரிவு ஒன்று, திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை தனிக் கவனத்துக்கு உரியது. எந்த நீதிமன்றத்துக்காக வழக்கறிஞர் நியமிக்கப்பட்டாரோ அதல்லாத வேறொரு நீதிமன்றத்தின் அறிவிப்பை அவரிடம் சேர்ப்பிக்க, கட்சிக்காரர் வக்காலத்திலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, அந்த விதி அதிகாரம் அளிப்பதில்லை. வஞ்சியூர் வழக்கறிஞர் வஞ்சியூருக்கே செவி. எறணாகுளத்துக்கு வேறு செவி வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. திருவிதாங்கூர் ஹைகோர்ட்டு 1887-இல் ஐந்து நீதிபதிகளுடன் அமைந்தபோது, அதன் முதல் பிரதம நீதிபதியாக ராமச்சந்திர ஐயர் இருந்தார். இந்து தர்மசாஸ்திர விஷயங்களில் நீதிபதிகளுக்கு ஆலோசனை சொல்லப் பண்டிதர் ஒருவரும் இருந்தார். ராஜ்யத்தின் தலைநகரமே மேல்முறையீட்டின் தலமாகவும் இருந்ததால், நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வந்த தமிழ்க் கட்சிக்காரருக்கு முதல் நீதிமன்றமும் இறுதி நீதிமன்றமும் ஒரே பாதையில் அமைந்திருந்தன. 1949 ஜூலை 7-இல் திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றம் எறணாகுளத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் உருவானபோது கேரள உயர் நீதிமன்றமும் அங்கேயே நிலைத்தது. அதே நாளில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து அதன் வழக்குகள் வேறு திசைக்குத் திரும்பின. மாநிலத் தலைநகரில் உயர் நீதிமன்றத்தின் கிளை ஒன்று வேண்டும் என்று திருவனந்தபுரத்து வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அதன் நியாய அநியாயங்கள் வேறு கட்டுரைக்கு உரியவை. எறணாகுளத்துக்கும் வஞ்சியூருக்கும் இடையே உள்ள சுமார் 200 கிலோமீட்டர், நோட்டீசைப் பொறுத்தவரை என்ன செய்கிறது என்பதே இங்கே கேள்வி.

அதை ஓர் உதாரணத்தால் காண்போம். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஒருவர் நிலவழக்கில் மாவட்ட நீதிமன்றம் வரையில் ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்தரப்பு எறணாகுளத்தில் இரண்டாம் மேல்முறையீடு போடுகிறது. வஞ்சியூர் வழக்கறிஞர் தமக்குத் தெரிந்த எறணாகுளத்து வழக்கறிஞர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறார். கட்சிக்காரர் அவரை ஒருமுறைகூட நேரில் காணாமல், வஞ்சியூர் மேஜையிலேயே வக்காலத்தில் ஒப்பமிட்டு, கட்டணத்தையும் அங்கேயே கொடுத்து வீடு திரும்புகிறார். வருஷங்கள் கழிகின்றன. ஒருநாள் வழக்கு, விசாரணைப் பட்டியலில் ஏறுகிறது. இப்போது செய்தி மூன்று கைகளைத் தாண்டவேண்டும்: எறணாகுளத்து குமாஸ்தா பட்டியலில் பெயரைக் காணவேண்டும், எறணாகுளத்து வழக்கறிஞர் வஞ்சியூருக்குச் சொல்லவேண்டும், வஞ்சியூர் வழக்கறிஞர் நெய்யாற்றின்கரைக்குச் சொல்லவேண்டும். எறணாகுளத்தாரிடம் இருப்பது கட்சிக்காரரின் எண்ணன்று, வஞ்சியூர் அலுவலகத்தின் பழைய எண். வஞ்சியூர் அலுவலகத்தில் இருப்பது கட்சிக்காரரின் மகன் வளைகுடாவுக்குப் போகுமுன் வைத்திருந்த எண். எந்தக் கண்ணியும் குற்றமுள்ளதாகத் தனியே தோன்றாது. ஆனால் சங்கிலி அறுந்துவிட்டது. சட்டத்தின் பார்வையிலோ, முதற்கண்ணியைத் தொட்ட செய்தி கடைசி மனிதரைத் தொட்டதாகவே கணக்கு.

அதன்பின் நடப்பது வேகமாக நடக்கும். கீழ்நீதிமன்றமானால், ஒன்பதாம் கட்டளையின்படி பிரதிவாதி இல்லாமலே வழக்கு கேட்கப்பட்டு ஒருதலைப்பட்ச டிக்ரி பிறக்கலாம். வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். மேல்முறையீட்டிலும் இவ்விதமே, நாற்பத்தொன்றாம் கட்டளைப்படி. ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்ய மனுப்போடும் கெடு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் சரத்துப்படி, 30 நாட்கள். சம்மனோ நோட்டீசோ முறைப்படி சேர்ப்பிக்கப்படாதவருக்கு, டிக்ரியைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் எண்ணப்படும். முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டவருக்கோ டிக்ரியின் தேதியிலிருந்தே ஓடும். வழக்கறிஞரிடம் சேர்ந்ததே கட்சிக்காரரிடம் சேர்ந்தது என்ற அனுமானம் எவ்வளவு கூர்மையானது என்பது இங்கேதான் விளங்கும்: தமக்கு ஒன்றும் தெரியாது என்று கட்சிக்காரர் சத்தியமே சொன்னாலும், அவருடைய கடிகாரம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்கீழ்க் கைகூப்பி நிற்கவேண்டியதுதான்.

அப்படிக் கைகூப்பி நின்றவருக்கு நீதிமன்றங்கள் இரங்கியதுண்டு. 1981-ஆம் ஆண்டு ரஃபீக் வழக்கில், வழக்கறிஞர் வராததால் மேல்முறையீட்டை அலகாபாத் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி. ஏ. தேசாய் அந்தத் தள்ளுபடியை நீக்கினார். கோர்ட்டு நடைமுறை ஒன்றும் அறியாத கிராமவாசி, வழக்கறிஞரை அமர்த்திக் கட்டணமும் கொடுத்தபின், தம்மால் ஆனதையெல்லாம் செய்துவிட்டார். வழக்கறிஞரின் குறைக்காக அவர் துன்பப்படலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். செலவுத்தொகை 200 ரூபாயை, வராமலிருந்த வழக்கறிஞரிடமிருந்தே வசூலிக்கும்படியும் அதில் கண்டது. தொகை அற்பம், ஆனால் பொறுப்பு யாருடையது என்பதை அது பிழையின்றிச் சுட்டிக்காட்டியது. தாமத மன்னிப்பு மனு எழுதும் வழக்கறிஞரின் கை இந்தத் தீர்ப்பைத் தேடி நீள்வதுண்டு.

ஆனால் அந்தக் கருணைக்கும் எல்லை உண்டு. 1993-இல் சலில் தத்தா வழக்கில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஏஜெண்டு என்ற மூலதர்மத்தை மீண்டும் நிலைநாட்டியது. குற்றமற்ற கட்சிக்காரர் என்று கண்டால் நீதிமன்றம் இரங்கலாம், ஆனால் இரங்கியே தீரவேண்டும் என்ற முழுமுதல் விதி எதுவும் இல்லை என்றது. அந்த வழக்கில் கட்சிக்காரர் கிராமவாசியல்லர், கல்கத்தாவிலேயே அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் கண்டிப்பாகப் பேசியது: பழி முழுவதையும் வழக்கறிஞர்மீது போட்டுவிட்டுத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பெருகிவிட்டது, தம் வழக்கைத் தாமே கவனித்துக்கொள்வதும் கட்சிக்காரரின் கடமை என்றது. இந்த மூன்று தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரஃபீக் வழக்கின் நிழலில் ஒதுங்கலாம் என்று நம்பி அசிரத்தையாக இருக்கும் வழக்கறிஞர், தம் கட்சிக்காரரின் சொத்தை ஒரு நீதிபதியின் மனநெகிழ்ச்சியின்மேல் பணயம் வைக்கிறார் என்பது புலப்படும்.

அந்நிய நாட்டு வழக்கு ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் அதில் பணயமாக இருந்தது நிலமன்று, உயிர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கோரி மேப்பிள்ஸ் என்பவர் மரணதண்டனைக் கைதி. நியூயார்க் நகரத்துப் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் இருவர் கட்டணமின்றி அவருக்காக மனுச்செய்தனர். மனு நிலுவையில் இருக்கும்போதே 2002-இல் இருவரும் அந்த நிறுவனத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டனர். நீதிமன்றத்துக்கும் சொல்லவில்லை, சிறையிலிருந்த கட்சிக்காரருக்கும் சொல்லவில்லை. 2003 மே மாதத்தில் மனு நிராகரிக்கப்பட்டது. நீதிமன்ற எழுத்தர் இருவர் பெயருக்கும் உத்தரவை அனுப்பினார். நிறுவனத்தின் தபால் அறை, அவர்கள் இப்போது இங்கே இல்லை என்று குறித்து, பிரிக்காமலே உறைகளைத் திருப்பியது. திரும்பிவந்த உறைகளை எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவருக்கும் பிரதி கிடைத்தது. நியூயார்க்கார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் இருந்துவிட்டார். மேல்முறையீட்டுக்குரிய 42 நாட்கள் கழிந்தன. எதிர்தரப்பான அரசின் வழக்கறிஞர் ஒருவர் கைதிக்கு நேரே எழுதிய கடிதத்தால்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. 2012 ஜனவரியில், 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில், நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அவருக்கு வழிவிட்டது: வழக்கறிஞர்கள் சொல்லாமலே கைவிட்டுப் போனபின், அவர்கள் அவருடைய பிரதிநிதிகளே அல்லர், ஆகவே அவர்களுடைய குறை அவரைப் பற்றாது என்றது. ஒன்பது வருஷம் ஒரு மனிதரின் கழுத்தைச் சுற்றிக் கிடந்த கயிறு, திரும்பி வந்த இரண்டு உறைகளால் திரிக்கப்பட்டது. அறிவிலும் பணத்திலும் வசதியிலும் குறையாத ஸ்தாபனத்திலேயே இது நடந்தது என்பதை நினைக்கும்போது, குறை திறமையில் இல்லை, ‘இந்த விலாசத்துக்கு நான் பொறுப்பு’ என்று எவரும் எண்ணாமையிலேதான் என்று தோன்றுகிறது.

நம் ஊரில் அப்படி எண்ணியவர் ஒருவர் உண்டு. அவர் வழக்கறிஞரின் குமாஸ்தா. கேரளத்தில் வக்கீல் குமாஸ்தா என்பது தனித்த, மரியாதைக்குரிய உத்தியோகம். அவர்களுக்கென்று 2003-இல் சேமநிதிச் சட்டமே இயற்றப்பட்டது. நல்ல குமாஸ்தாவின் கருவி, வருஷாரம்பத்தில் வாங்கும் தடித்த டயரி. ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் வழக்கெண், நீதிமன்றம், தரப்பினர் பெயர், எதற்காக வைக்கப்பட்டது என்ற நான்கு குறிப்புகள். மாலையில் கோர்ட்டிலிருந்து திரும்பியதும், அன்று ஒத்திவைத்த ஒவ்வொரு வழக்கையும் அடித்து, புதிய தேதியின் பக்கத்துக்குக் கொண்டுபோய் எழுதுதல். அடிக்காத வரி ஒன்று அன்றைய பக்கத்தில் எஞ்சியிருந்தால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். இவ்வளவு எளிய இந்த முறையின் சூட்சுமம், வழக்கு ஒரு தேதியிலிருந்து மற்றொரு தேதிக்குக் கைமாறும்போது நடுவே ஒரு கணமும் அந்தரத்தில் நிற்பதில்லை என்பதுதான். ஆனால் குமாஸ்தா எவ்வளவு நல்லவராயினும், விதி பெயர் சொல்வது அவரையன்று. அலுவலகத்தில் விட்டுச்சென்ற உறையை அவர் மறந்து இழுப்பறையில் போட்டாலும் அது வழக்கறிஞரிடம் சேர்ந்ததே. வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க இயலாது.

தபால் உறையின் இடத்தை இப்போது மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்தியும் பிடித்துவருகின்றன. 2002 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த திருத்தம், கூரியர், தொலைநகல், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சம்மன் அனுப்பும் வழிகளாக ஐந்தாம் கட்டளைக்குள் சேர்த்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் வணிக வழக்குகளில் வழக்கமான முறையோடு மின்னஞ்சலையும் கையாளும்படி பணித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை 10-ஆம் தேதிய உத்தரவில், மின்னஞ்சலோடு வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் வழியாகவும் நோட்டீஸ் அனுப்ப இடம் தந்தது. கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு மின்தாக்கல் விதிகள் வந்தன. பக்கத்து மாவட்டமான கொல்லத்தில், காசோலை வழக்குகளுக்காக இருபத்துநான்கு மணிநேரமும் இயங்கும் இணையவழி நீதிமன்றம் 2024 நவம்பரில் வேலை தொடங்கியது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் வழக்கு விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியபோது, இது கூடுதல் வசதியே, முறையான நோட்டீசுக்கும் சம்மனுக்கும் மாற்றன்று என்று தெளிவாகச் சொன்னது. வழக்கறிஞர்கள் தம் எண்ணை நீதிமன்றத்தின் ஏட்டில் அவ்வப்போது திருத்தி வைக்கவும் சொன்னது. ஒருவருடைய சுதந்திரத்தைத் தொடும் இடத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஜாக்கிரதையாக நின்றது: விசாரணைக்கு ஆஜராகும்படி போலீசார் அனுப்பும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது என்று 2025 ஜனவரியில் கூறியது.

இந்தப் புதிய வழிகள் நோட்டீசைப் பெறுவதை எளிதாக்கிவிட்டன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. என் அபிப்பிராயத்தில் அவை பெறும் கடமையைக் கனமாக்கியே இருக்கின்றன. அமீனா வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தான். வீட்டில் ஒருவரும் இல்லையென்றால், கதவில் ஒட்டிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். தபால்காரர் உறை தரும்போது கையெழுத்து வாங்கினார். சேர்ப்பித்தல் என்ற செயலுக்குச் சப்தம் இருந்தது, சாட்சி இருந்தது. மின்னஞ்சலுக்கு இரண்டும் இல்லை. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, பெறுபவர் இன்ன கணினியில் பெறுவேன் என்று குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். குப்பை அஞ்சல்களுக்கான பெட்டிக்குள் அது தானாக ஒதுங்கியிருக்கலாம், விளம்பரங்களுக்கிடையே புதைந்திருக்கலாம். ‘நான் பார்க்கவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். உறை மேஜைமேல் கிடந்தது போலவே அதுவும் கிடந்தது.

கைப்பேசி எண்ணின் கதை இன்னும் விசித்திரமானது. செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பது தொலைத்தொடர்புத் துறையின் நடைமுறை. பழைய காலத்தில் வழக்கறிஞர் வீடு மாறினால், பழைய வீட்டுக்குக் குடிவந்தவர் தபாலை வாங்கி, ‘வக்கீல் ஐயா இப்போது சாஸ்தமங்கலத்தில் இருக்கிறார்’ என்று சொல்லியனுப்புவார். எண் மாறினாலோ, அதைப் புதிதாகப் பெற்றவர் நீதிமன்றச் செய்தியை ஏதோ மோசடி என்று எண்ணி அழித்துவிடுவார். ஆகவே வக்காலத்தில் எழுதிய எண்ணை விட்டுவிடும் வழக்கறிஞர், ஒரு வீட்டைக் காலி செய்வதைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிறார். அந்த எண் எழுதியுள்ள வழக்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மாற்றத்தைத் தெரிவித்த பிறகே அதை விடவேண்டும். சின்ன வேலையன்று என்பதை அறிவேன். ஆனால் கட்சிக்காரரின் செவியை இடம்மாற்றும் வேலை வேறெப்படி இருக்கும்?

குறை நேர்ந்தபின் கட்சிக்காரருக்கு என்ன பரிகாரம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏனெனில் பரிகாரமே சுருக்கமானது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் ஐந்தாம் பிரிவு, தொழிலில் காட்டிய அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு வழக்குத் தொடரப்படுவதிலிருந்து, வழக்கறிஞர் என்ற காரணத்தால் மட்டும் எவருக்கும் விலக்கு இல்லை என்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் பார் கவுன்சில் நடத்தை விசாரணை செய்யலாம். நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் வழியை 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஒரு வழக்கில் தோற்றவர், அதை ஏன் தோற்றார் என்று நிரூபிக்க இன்னொரு வழக்குப் போடவேண்டும். அதற்கு வேறொரு வழக்கறிஞரைத் தேடவேண்டும். அதற்குள் நிலம் ஏலத்தில் போய், வாங்கியவர் வேலியும் போட்டிருப்பார்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கட்சிக்காரரும் செய்தியைத் தடுப்பதுண்டு. உரிமையியல் சட்டத்தின் ஆறாம் கட்டளை, 14ஏ விதி, ஒவ்வொரு தரப்பும் தம் சேர்ப்பு விலாசத்தைப் பதிவுசெய்து, மாறினால் திருத்தவேண்டும் என்கிறது. பொய்யான விலாசம் கொடுத்தால் வாதியின் வழக்கை நிறுத்திவைக்கலாம், பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கலாம். எனினும் கட்சிக்காரர் கிடைக்கவில்லை என்பது வழக்கறிஞருக்கு விடுதலையாகாது. ‘அறிவுறுத்தல் இல்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்லி வக்காலத்திலிருந்து விலகுவது சில நீதிமன்றங்களில் சாதாரணமாகிவிட்டது. 1993-இலும் 1998-இலும் உச்ச நீதிமன்றம், அப்படி விலகும்போது கட்சிக்காரருக்குத் தனியே நோட்டீஸ் போகவேண்டும் என்றது. பார் கவுன்சில் விதிகளும் போதிய காரணமும் போதிய அறிவிப்பும் இன்றி விலகலாகாது என்கின்றன. செவியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கையில் கொடுக்கவேண்டும்; திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாகாது.

இறுதியாக, விதி ஒரே வரியில் கடந்துபோகும் ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. வழக்கறிஞர் இறந்தால் வக்காலத்து முடிகிறது. ஆனால் அவர் இறந்தார் என்பது நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்? நம் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களில் பலர் தனியே தொழில் செய்பவர்கள். கூட்டாளி இல்லை, நிறுவனம் இல்லை. அவருடைய பெயரில் பட்டியல் வந்துகொண்டேயிருக்கும், உறை வந்துகொண்டேயிருக்கும், இப்போது கைப்பேசியிலும் வந்துகொண்டேயிருக்கும். அந்தக் கைப்பேசி எங்கோ ஓர் அலமாரியில் உயிரற்றுக் கிடக்கும்.

என் தந்தையாருக்கு நண்பராக இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவை நான் சிறுவனாக இருந்தபோது அறிவேன். நாற்பது வருஷம் ஒரே வழக்கறிஞரிடம் வேலை பார்த்தவர். அந்த வழக்கறிஞர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரையில் காத்திராமல், அடுத்த திங்கட்கிழமையே இவர் டயரியையும் ஒரு கட்டுத் தபால் கார்டுகளையும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு கார்டிலும் மூன்றே வரி: ஐயா இன்ன தேதியில் தவறிவிட்டார், உங்கள் வழக்கு இன்ன கோர்ட்டில் இன்ன தேதிக்கு நிற்கிறது, வேறு வக்கீல் வைத்துக்கொள்ளவும், கட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கார்டுக்குத் தபால்தலை ஒட்டும் வேலை இல்லாததால், மை காயும்வரை அவற்றைத் திண்ணையில் பரப்பி வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டுகளை வாங்கிப்போனார்கள். ஒரு கார்டு மட்டும், விலாசதாரர் இல்லை என்று தபால்காரர் பென்சிலால் எழுதியபடி திரும்பி வந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார். டயரியைத் திறந்து தேதியைப் பார்த்தார். வாய்தாவுக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் குடையையும் அந்தக் கட்டையும் எடுத்துக்கொண்டு களியக்காவிளை பஸ்ஸில் ஏறினார்.